நூற்று எண்பத்தேழாவது வரி

என் தம்பி சதீஸ் இணையத்தளங்களை அழகுபடுத்துகிறவன். கடைக்காரர்கள் வாங்கி வைத்திருக்கும் 'தீம்' என்ற வெறும் வார்ப்பை எடுத்து, நிறம், எழுத்து, இடைவெளி எல்லாவற்றையும் தானே எழுதிச் சேர்ப்பான். கொடகவெலவுக்கு மேலே எங்கள் இறப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், வாசலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தால்தான் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கிருந்தே படித்துக்கொண்டான். நான் எட்டாம் வகுப்போடு இறப்பர் பால் வெட்டப் போனவள்.

அவன் முழுதாகச் செய்து முடித்தது ஒரே ஒரு தளம். இரத்தினபுரியில் நகைக்கடை வைத்திருக்கும் ஹப்ஸா மேடத்துடையது. முன்பு அது ஆஸ்பத்திரிச் சுவர்போல வெள்ளையாக இருந்தது. சதீஸ் பின்னணியைக் கறுப்பாக்கினான். நீலக்கற்கள் அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தவைபோலத் தெரிந்தன. படத்தைத் தொட்டால் மெல்ல எழும்பும். தமிழ் எழுத்துகளின் மேல்சுழி வெட்டுப்பட்டிருந்ததையும் சரிசெய்தான்.

பக்கத்தின் அடியில் 'வடிவமைப்பு: சதீஸ், கொடகவெல' என்று போட்டு, தன் நம்பரையும் சேர்த்திருந்தான். அதைப் பார்த்து அடுத்த வேலை வரும் என்று நம்பினான்.

"வெளிநாட்டுக்காரங்க பாக்குற இடம் தம்பி. அதுல உங்க நம்பர் எதுக்கு? எடுத்துடுங்க" என்றார் ஹப்ஸா.

அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"அழிச்சிட்டியாடா?"

"அழிக்கல அக்கா. ஒரு வரி எழுதி மறைச்சிருக்கேன். ஒருநாளைக்கு அவங்களே காட்டச் சொல்லுவாங்க பாரு."

"ஆமா, இவரு பெரிய மந்திரி."

அவனுடைய பழைய லெப்டொப் அடிக்கடி அணைந்துபோகும். அதனால் அவன் எழுதியதையெல்லாம் நான் ஒரு சதுரக் கொப்பியில் பார்த்தெழுதினேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். பொருள் தெரியாது. ஆனால் அடைப்புக்குறி, அரைப்புள்ளி எதையும் விடாமல் எழுதி, வரிக்கு வரி இலக்கமிட்டேன். பெயரை மறைக்கும் வரி நூற்று எண்பத்தேழு. அதன் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். அவன் சரிபார்த்தபோது ஒரே ஒரு புள்ளிதான் குறைந்திருந்தது.

"என் லெப்டொப்ப விட நீ நல்லா வேல செய்ற அக்கா" என்று சிரித்தான்.

ஜூன் மாதம் அவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் இறந்துபோனான். வயது இருபத்துநான்கு.

மூன்று மாதம் கழித்து ஹப்ஸா அழைத்தார்.

"தங்கச்சி, தீமுக்கு அப்டேட் வந்திருக்குன்னு அமத்தினேன். தம்பி செஞ்சதெல்லாம் போயிருச்சு."

தனியாக எழுதிவைக்க வேண்டியதை அவன் தீமின் சொந்தக் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கிறான் என்று அவர் விசாரித்துச் சொன்னார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் படித்தவன். புதிய கோப்பு வந்ததும் அதில் அவன் எழுதியது முழுவதும் அழிந்துவிட்டது.

ஃபோனில் திறந்து பார்த்தேன். பழையபடி வெள்ளைச் சுவர். கீழே இழுத்துக்கொண்டே போனேன். பெயரை அவன் கடை முகவரியோடு வேறிடத்தில் எழுதியிருந்தான்; மறைத்த வரி மட்டும் அழிந்துபோனதால், அடியில் அவன் பெயர் இருந்தது. நம்பரும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு பஸ் ஏறினேன். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, ஹப்ஸா தட்டினார். இந்த முறை தீமுக்கு வெளியே, தனி இடத்தில். கறுப்பு வந்தது. கற்கள் ஒளிர்ந்தன. நூற்று எண்பத்தாறு முடிந்ததும் சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்து நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இது அவன் பேர மறைக்கிற வரிங்க மேடம்."

அவர் திரையை அடிவரை இழுத்து அவன் பெயரைப் பார்த்தார்.

"அத விட்டுட்டு அடுத்தத சொல்லுங்க."

சதீஸின் ஃபோன் என்னிடம்தான் இருக்கிறது. சார்ஜ் இறங்க விடுவதில்லை. ஒக்டோபரில் ஒரு காலை, பால் வாளியை இறக்கி வைக்கும்போது அது அடித்தது. உடவளவையில் விடுதி நடத்தும் சிங்களவர் ஒருவர். நகைக்கடைத் தளம் மிக அழகாக இருக்கிறது, அதேபோல் தனக்கும் ஒன்று வேண்டும், மல்லி, அதாவது தம்பி, இருக்கிறாரா என்று கேட்டார். அவன் காத்திருந்த அழைப்பு. இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். எப்போது வருவார் என்று கேட்டார். ஜூனில் இறந்துபோனான் என்றேன். அவர் தணிந்த குரலில் அவன் வயதைக் கேட்டார்.

அதன்பிறகு இன்னும் இரண்டு பேர் அழைத்தார்கள். இதைக் கேள்விப்பட்ட ஹப்ஸா, "ஒவ்வொருத்தருக்கும் நீங்க இத சொல்லணுமே தங்கச்சி. அந்த வரிய போட்டுடவா?" என்று கேட்டார்.

"வேணாங்க மேடம். வரட்டும். நான் சொல்லிக்கிறேன்."