பதினான்காம் எண் மனையின் நான்கு கற்கள்

7-3-1986: முன்பணம் ரூ. 2,000
16-6-1986: மீதி ரூ. 9,500
16-6-1986: பத்திரச் செலவு ரூ. 1,495
4-1-1987, 10-1-1988, 8-1-1989: மஞ்சள் பெயிண்ட், மொத்தம் ரூ. 71

என் பக்கத்து வீட்டு துரைராஜ், மாடம்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு மேட்டில் வாங்கிய அரை கிரவுண்டு மனைக்கு ஆன செலவு இது. பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஆலையில் தோலின் பரப்பை அளப்பது அவர் வேலை. கோணல்மாணலான தோல்களை இருபது வருடம் அளந்தவருக்கு, மனையின் ஒரு பக்கம் வில்லாக வளைந்திருந்தது உறுத்தவில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் பூசிய பெரிய கற்கள். பத்திரத்திலும் அப்படியே எழுதியிருந்தது. மழையில் சாயம் போனால் பொங்கலுக்கு முன் அவரே பூசிவிடுவார். வாடகை வீட்டில் காலம் தள்ளியவருக்குச் சொந்த வீடு என்றால் அந்த நான்கு கற்களுக்குள்தான்.

1989 பிப்ரவரி 18, சனிக்கிழமை. நானும் கூட இருந்தேன். தொல்லியல் துறை அதிகாரி வேதாசலம் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"யாருங்க இதுக்கு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான் சார். வருஷா வருஷம் அடிக்கிறேன்," என்றார் துரைராஜ் பெருமையாக.

"இது மனைக்கல் இல்லீங்க, கல்வட்டம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்களைப் புதைச்ச இடம். இங்க வீடு கட்டக்கூடாது."

"அப்ப என் கல்லு எங்க சார்?"

மனை விற்ற கஸ்தூரிரங்கன், கல் வாங்கும் செலவை மிச்சம் பிடிக்க, மேட்டில் ஏற்கெனவே இருந்த கற்களுக்கே பெயிண்ட் அடித்திருந்தார்.

வீட்டில் மனைவி ஞானம்மாள் பிடித்துக்கொண்டார். "பொணத்து மேலயா மனை வாங்கிகினு வந்தே?"

"ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. இன்னும் இன்னா பொணம்?"

மறுவாரம் கஸ்தூரிரங்கன் ஒரு யோசனையோடு வந்தார். "கடப்பாரை போட்டுப் பேத்துடலாம் துரை. கல்லு இல்லேன்னா வட்டமும் இல்ல. நீ பாட்டுக்கு வூட்டைக் கட்டு."

துரைராஜுக்கு ஆசைதான். ஆனாலும் பத்திரத்தை எடுத்து இன்னொரு முறை படித்தார். "கல்லைப் பேத்துட்டா என் மனை எங்க கீதுன்னு எதைக் காட்டுவேன்? கை வெச்சுப் பாரு!"

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் சைக்கிளில் போய்க் கற்களை எண்ணிவிட்டு வருவார். வேதாசலம் மகிழ்ந்து, வட்டத்தின் பதினேழு கற்களையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"என் பத்திரத்துல நாலுதான் சார் கீது," என்று முனகினாலும் பதினேழையும் எண்ணினார்.

நான்கு வருடம் கழித்துத் துறையின் பாதுகாப்புப் பலகை அங்கே ஏறியது. துரைராஜ் கஸ்தூரிரங்கனைக் கையோடு அழைத்துப் போய் அதைப் படிக்க வைத்து, மாற்றுமனை கேட்டார்.

"தர்றேன்யா, பேஜார் பண்ணாதே."

"புதுக் கல்லா நடணும். கல்லு வாங்குன ரசீது வேணும்."

மாற்றுமனைக்கு ஒப்புக்கொண்டு, கல் வாங்கிய ரசீதையும் இணைத்து, கஸ்தூரிரங்கன் அனுப்பிய பதிவுத் தபால் வந்த நாள்: 18-11-1993, வியாழக்கிழமை.