கார் ஷெட்டுக்குள் ஒரு மேகம்

தெருவே அவளை நுரையம்மா என்றுதான் கூப்பிடும். வீட்டுக் கார் ஷெட்டில் துவைக்கிற மெஷினும் காயவைக்கிற மெஷினும் வைத்து ஊரார் துணியை வெளுத்துக் கொடுத்தாள். பக்கத்திலேயே அவள் வீட்டுக்காரர் ஓட்டும் வாடகைக் கார் நிற்கும். துணி காயும்போது வெதுவெதுவென்று ஆவி எழுந்து காரை மூடும். கடவுளே மேகத்தில் இறங்கி வந்தது போல இருக்கும் அவளுக்கு. அது கலையாமலிருக்க ஷட்டரை இறக்கிவிட்டு, கண்மூடி வேண்டிக்கொள்வாள்.

ஒருநாள், வாடிக்கையாகத் துணி போடும் நர்ஸம்மா வந்து, "அக்கா, யூனிஃபார்ம்ல பூஞ்சை வாடை அடிக்குது. இன்னொரு தடவை இப்படின்னா வேற இடம் பாத்துக்குவேன்" என்றாள். நுரையம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சோப்பை மாற்றியும் வாடை போகவில்லை. மழையில் நனைந்த காரை அப்படியே உள்ளே விட்ட வீட்டுக்காரர், சுவரைத் தொட்டார். விரல் நனைந்தது.

"ஏம்மா, ஈரத்த நான் வெளியிலேருந்து கொண்டாறேன், நீ உள்ள அடைகாக்குற. நல்ல ஜோடிதான் போ!"

சிரித்தாள். ஆனாலும் அந்த மேகத்தை விட மனம் வரவில்லை. நர்ஸம்மா அந்த உடுப்போடுதானே நோயாளிகள் பக்கத்தில் நிற்பாள் என்று நினைத்ததும் எழுந்தாள். சுவரில் துளை போட்டு, காயவைக்கிற மெஷினின் ஆவிக் குழாயை வெளியே விடச் சொன்னாள். கார் இனி சொட்டி முடித்த பிறகுதான் உள்ளே வரும். ஷட்டர் எப்போதும் ஒரு முழம் திறந்திருக்கும்.

அடுத்த வாரம் நர்ஸம்மா உடுப்பை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள்.

"வாடையே இல்லக்கா! நாளைக்கு என் சிநேகிதியோடதையும் கொண்டாறேன்."