கறண்ட் வேண்டாம் என்றேன்

என் அண்ணையை நான்தான் சாகவிட்டேன். பழியை நோயின்மேல் போட்டுவிட்டு இத்தனை வருடம் நல்ல பிள்ளையாகத் திரிந்தேன்... உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அண்ணை சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்தவர். தன் தோட்டத்துப் புகையிலையையே கிள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் தண்ணீர் இறைப்பார். அந்தக் கன்னத்திலேயே புண் வந்தது. ஆறவில்லை. புற்றுநோய் என்றார் டொக்டர்.

"கொழும்புக்குக் கொண்டுபோய்க் கறண்ட் பிடியுங்கோ. இப்ப பிடிச்சால் சுகம் வரும்."

கதிர்ச் சிகிச்சையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, போர்க்காலம்; தரைப்பாதை அடைபட்டிருந்தது. கொழும்புக்குப் போவதென்றால் கிளாலிக் கடலை இருட்டில் படகில் கடக்க வேண்டும். வழியில் கடற்படை சுட்டால் கேட்க நாதியில்லை. அண்ணையோடு போகக்கூடிய ஆண்பிள்ளை நான் ஒருவன்தான்.

எனக்குப் பயம்! வேறொன்றும் இல்லை. பயம் என்று சொல்ல வெட்கம். நானோ உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பிக்கும் வாத்தியார். பேச்சுக்கா பஞ்சம்?

அண்ணியை இருத்திவைத்து விளக்கினேன். உடம்பிலுள்ள ஒவ்வொரு உயிர்க் கலத்துக்குள்ளும் டீ.என்.ஏ. என்றொரு இழை இருக்கிறது, கலம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வது அதுதான், புகையிலை அதைச் சேதப்படுத்தியதால்தான் கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகின என்றேன்.

"உந்தக் கறண்டும் அதே இழையைத்தான் உடைக்கும், அண்ணி. புதுசா இன்னொரு புற்றும் வரலாம்."

"ஐயோ, அப்ப வேண்டாம் தம்பி," என்றார். அண்ணையும் தலையாட்டினார். நான் படித்தவன் அல்லவா!

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை... சொல்லாமல் விட்டதைக் கேளுங்கள். இழை உடைந்தால் நல்ல கலம் பெரும்பாலும் தன்னைத் திருத்திக்கொள்ளும். புற்றுக் கலத்துக்கு அந்த வல்லமை குறைவு. உடைந்த இழையோடு இரண்டாகப் பிரிய முயன்று செத்துப்போகும். அதற்காகத்தானே கறண்டே பிடிக்கிறார்கள்! வகுப்பில் இதைப் படிப்பித்த வாய் அன்று ஏன் மூடிக்கொண்டது?

அண்ணையின் கன்னம் ஓட்டையாகிவிட்டது. ஊட்டிய கஞ்சி அந்த வழியால் ஒழுகியது. கடைசி வரை என்னைக் கோபமாக ஒரு பார்வை பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்...

இத்தோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில் அண்ணி அயல்வீட்டுப் பெண்ணொருத்தியைக் கூட்டி வந்தார். மார்பில் கட்டி. கொழும்புக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். கடல் கடந்து கூட்டிப்போகப் புருசன் ஆயத்தமாக நின்றானாம். அண்ணிதான் மறித்திருக்கிறார்.

"நீங்கள் எனக்கு விளங்கப்படுத்தினதை அப்பிடியே சொன்னனான், தம்பி. இவள் நம்புறாள் இல்லை. கறண்ட் பிடிச்சால் புற்று வருத்தம் கூடும்தானே? நீங்களே சொல்லுங்கோ."

இல்லை என்றால், அடுத்த கேள்வி அண்ணையைப் பற்றியதாகத்தான் இருக்கும். வெள்ளைச் சேலையோடு நின்ற அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள்.

"ஓம்," என்றேன்.