சுகுமாரன் எந்தப் பாட்டில் தூங்கினான்?

பாகான் டாலாமிலிருந்து கடற்பாலம் கடந்து பாயான் பாரு தொழிற்சாலைக்குப் போகும் வேனில், திங்கட்கிழமை தோறும் ரமணி புதுப்படத்துக்குத் தீர்ப்புச் சொல்வாள். அதைக் கேட்டுத்தான் வேன் பெண்கள் டிக்கெட் எடுப்பார்கள்.

ஒருமுறை தன் மனதுக்குப் பிடித்த படத்தைப் புகழ்ந்து மாட்டிக்கொண்டாள். "அக்கா சோப்பு விளம்பரத்துக்கே அழுவாங்க லா" என்று ஒரு மாதம் கேலி. அன்றிலிருந்து அவள் கணவனை நம்பினாள். சுகுமாரன் புக்கிட் மெர்தாஜாம் பாசார் சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். விடியுமுன் எழுகிறவன். தியேட்டரில் விளக்கு அணைந்தால் கண் சொக்கிவிடும். குறட்டை எங்கே தொடங்குகிறது என்பதுதான் அளவு. முதல் பாட்டென்றால் குப்பை. பாதிப் படம் தாண்டினால் பார்க்கலாம். இந்த ரகசியத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வாரம், வேனில் வரும் தனுஜா முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளையாகப் பார்த்திருக்கும் கோகிலனோடு அடுத்த சனிக்கிழமை முதல் தடவையாக வெளியே போகிறாள். "படம் சொதப்புனா எல்லாம் சொதப்பிரும்க்கா. சரியாச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை ரமணியும் சுகுமாரனும் போன படம் முழுக்கப் பாட்டு. காதலர்கள் "சாப்பிட்டாயா" என்பதைக்கூடப் பாடியே கேட்டார்கள். அரண்மனை, பனிமலை, அகல் விளக்குகள் மிதக்கும் குளம். நாயகியின் பாவாடை திரையின் ஒரு ஓரத்தில் சுழலத் தொடங்கி மறு ஓரத்தில் முடிந்தது. மடியில் பாப்கார்ன் கொட்டியது ரமணிக்குத் தெரியவில்லை. குளத்துப் பாட்டில் அழுதே விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், தொடக்கத்தில் பெயர் ஓடும்போதே தூங்கிய சுகுமாரன் இன்னும் எழவில்லை. முழங்கையால் இடித்தாள்.

"பாசார் வந்துருச்சா?" என்றான்.

திங்கட்கிழமை ஓட்டுநர் முஸ்தஃபா ரேடியோவைக் குறைத்தார். ரமணி தொண்டையைச் செருமினாள். கணவன் கணக்குப்படி இதைவிட மட்டமான படம் கிடையாது.

"நல்ல படம். கதை ஒண்ணுமில்ல. ஆனா அந்தக் குளம் இருக்கே... அழுதுட்டேன்."

வேன் பாலத்தில் ஏறியது.

"அண்ணன் எந்தப் பாட்டுல தூங்கினாரு?" என்றாள் தனுஜா.

ரமணிக்குக் காது சூடேறியது. "எந்த அண்ணன்?"

"உங்க வீட்டு அண்ணன்தான் லா," என்றார் முஸ்தஃபா. "தீபாவளிப் படத்துக்கு நான் உங்களுக்குப் பின் வரிசை. குறட்டையில வசனமே கேக்கல. திங்கக்கிழமை நீங்க சொன்ன தீர்ப்பும் அதோட ஒத்துப்போச்சு."

வேன் குலுங்கச் சிரித்தது. ஆக, இத்தனை நாளும் இவர்கள் கேட்டது அவள் தீர்ப்பை அல்ல. ரமணி ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"பேரு ஓடும்போதே தூங்கிட்டாரு. அந்தாளுக்கு என்ன தெரியும்? நான் பார்த்தேன். அது அழகான படம்."

தனுஜா இருக்கையிலிருந்து முன்னால் குனிந்தாள்.

"அப்ப இதுக்குத்தான் கோகிலனைக் கூட்டிட்டுப் போகணும். தூங்குறாரா, முழிச்சிருக்காரான்னு பார்த்துக்கலாம்."

"குளத்துப் பாட்டுல அவரைப் பார்க்காதே," என்றாள் ரமணி. "படத்தைப் பாரு. மத்த நேரம் பாத்துக்கோ."