சிவப்பு பூசிய பழைய தண்டு

நான் அந்த ஸ்வே பாரை மாட்டவே இல்லை. மாட்டிவிட்டேன் என்று சொன்னேன். மாட்டாததற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் பெரிய வண்டி வைத்திருப்பவர் என்றால், முதலில் உங்களைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது! ஏழு பேர் உட்காரும் வண்டியை வாங்கி, ஒற்றை ஆளாக ஆபீசுக்கு ஓட்டுவீர்கள். நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுப்பீர்கள். நசரத்பேட்டையில் பதினெட்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் நான் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். உள்ளுக்குள் காறித் துப்புவேன்.

கார்த்திகேயனும் அப்படித்தான் வந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர், பூந்தமல்லி அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐ.டி. ஆள். வளைவில் வண்டி சாய்கிறதாம். மனைவி சுகன்யா மலைப்பாதை என்றாலே ஏற மாட்டேன் என்கிறாராம். குலசாமியோ கொல்லிமலையில்... எழுபது கொண்டை ஊசி வளைவு. கைக்குழந்தைக்கு அங்கே மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். வண்டிக்கு அடியில் இரண்டு பக்கச் சக்கரங்களையும் பிணைக்கிற வளைந்த இரும்புத் தண்டுதான் ஸ்வே பார். தடித்ததாகப் போட்டால் சாய்வு குறையும் என்று எங்கோ படித்திருக்கிறார். படித்தது சரிதான். எனக்கு எரிச்சலே அதுதான்.

ஆர்டர் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, இது நம்ம மாடலுக்குச் சேருங்களா? புது மாடலுக்கு அளவு வேறன்னு போட்டிருக்காங்க."

"இன்னா சார், என்னாண்டயே கேக்குறீங்களா? நான் இங்க தொழில் பண்ணிகினு கீறேனா, வெளாடிகினு கீறேனா?" என்றேன். மனிதர் முகம் சுண்டிப் போனது.

தண்டு வந்தது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்துப் பார்த்தால்... துளை சேரவில்லை. பழைய மாடலுக்கான தண்டு! அவர் கேட்டது சரி, நான் குரைத்ததுதான் தப்பு.

ஐந்து மணிக்கு வருவார். 'தப்பா வந்துடுச்சு சார்' என்று சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். இந்த ஆளிடமா சொல்வது?

அப்புறம் செய்ததைக் கேளுங்கள். கழற்றிய பழைய தண்டையே கழுவித் தேய்த்து, புதியதைப் போலவே சிவப்பு பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டினேன். எங்கள் தொழிலில், கழற்றிய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுத்தாக வேண்டும். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. அதனால் புதிய தண்டின் சிவப்பை உப்புத்தாளால் சுரண்டி, பழைய கிரீஸும் சேறும் அப்பி, சாக்கில் சுற்றி நீட்டினேன்.

"இதாங்களா பழசு? எவ்ளோ ஒல்லியா இருக்கு பாருங்கண்ணா" என்றார். தடித்த புதுத் தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு! சிரிப்பை மறைக்கக் கிரீஸ் துணியால் முகத்தைத் துடைத்தேன். நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, வெளிவட்டச் சாலைக்கு ஏறும் வளைவில் ஓட்டிப் பார்த்தார். பின்சீட்டில் சுகன்யா, மடியில் குழந்தை. வண்டி எப்போதும் போலவே சாய்ந்தது. என் தோள் கதவில் இடித்தது. "சும்மா கல்லு மாதிரி நிக்குதுங்கண்ணா" என்று அவர் வேகத்தைக் கூட்டினார்.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலைங்களே" என்றார் சுகன்யா. "நெசமாவே பயமில்லைங்களாண்ணா? நீங்க சொன்னா நான் வர்றேன்."

அந்த வண்டியில் விவரம் தெரிந்தவர் அந்தப் பெண் ஒருத்திதான். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது.

"பயமே வேணாம்மா. கொழந்தைய மடில வச்சுகினு தூங்கிகினே போலாம்."

சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

கம்பெனியே மாட்டி அனுப்பும் தண்டோடு எத்தனையோ வண்டிகள் மலை ஏறுகின்றனவே என்பீர்கள். ஏறும்... பயந்து ஓட்டினால் ஏறும். நான் அந்த மனிதரிடமிருந்து கழற்றி எடுத்தது அந்தப் பயத்தைத்தான். இது உங்களுக்குப் புரிகிறதா? எனக்கு அன்றே புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் குடியைச் சொன்னேன், கோபத்தைச் சொன்னேன், கெட்ட வார்த்தைகளைக்கூடச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. பங்குச் சாமியாரும் என் பட்டறையில்தான் வண்டியைச் சர்வீசுக்கு விடுகிறார். அவர் முன்னால் மானம் போய்விடுமாம்! நேற்றுவரை உங்களைப் பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தவனுக்கு என்ன மானம்?

இன்று மதியம் போனில் ஒரு படம் வந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலை, குத்திச் சிவந்த காது, பக்கத்தில் சிரிக்கும் சுகன்யா. கீழே அவரே எழுதியிருந்தார்: "நீங்க சொன்ன தைரியத்துலதான் வந்தேங்கண்ணா. நல்லபடியா ஏறிட்டோம். இவர்தான் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டறாரு."

கார்த்திகேயனைக் கூப்பிடலாம். மெதுவாக ஓட்டுங்கள் சார் என்றால், ஏன் என்று கேட்பார். அந்த மனிதர் கேட்கிற கேள்வி எப்போதும் சரியாகவே இருந்து தொலைக்கிறது.

கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர்கள் ஏறித்தான் இருக்கிறார்கள். இன்னும் இறங்க வேண்டும்.