வேங்கைராசனுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

பாண்டிராஜுக்குக் கோபம் வராது. பசுவந்தனைக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுசன் என்பார்கள். மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல், அதில் உளுந்தும் கம்பும். மனைவி பொன்மணி போய்ச் சேர்ந்து எட்டு வருசம் ஆகிறது. மகள் திருப்பூரில் இருக்கிறாள். ஒரு நாளைக்கு அவர் பேசுவதை எண்ணினால் இருபது வார்த்தை தேறாது. அதிலும் பாதி மாட்டோடு பேசியதாக இருக்கும்.

வருசத்தில் ஒரு நாள் மட்டும் கதை வேறு. காளியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊர்க்காரர்களே சேர்ந்து 'குமுதமாலை நாடகம்' போடுவார்கள். குமுதமாலை பகையாளி வீட்டுப் பையனை விரும்பிவிடுகிறாள். அவளுடைய அண்ணன் வேங்கைராசன் மகா முன்கோபி. கலியாணப் பந்தலுக்குள் கத்தியோடு பாய்ந்து, தடுக்க வந்த மாப்பிள்ளைத் தோழன் மதிவாணனைக் குத்திச் சாய்க்கிறான். அதற்குப் பிறகு சாவுக்கு மேல் சாவு. கடைசியில் மேடையில் நிற்க ஆள் மிஞ்சாது. அத்தனைக்கும் காரணமான வேங்கைராசன் வேசத்தை முப்பது வருசமாகக் கட்டியவர் நம்முடைய பாண்டிராஜ்தான். மீசையை ஒட்டி, கண்ணுக்கு மை தீட்டி அவர் மேடையில் ஒரு அதட்டுப் போட்டால் முன்வரிசைக் குழந்தைகள் அலறும். மறுநாள் தெருவில் போகையில், "ஏலே, வேங்கைராசன் வாரான்!" என்று கத்திக்கொண்டு ஓடும். பாண்டிராஜுக்கு அதில் அப்படி ஒரு சந்தோசம். தன்னை ஒருத்தர் கூப்பிடுகிறார்களே என்று நினைத்துக்கொள்வார்.

மதிவாணன் வேசம் சோலைமுத்துவுக்கு. மேடையில் பசுவைப் போலச் சாதுவாகப் பேசிச் சாகிற சோலைமுத்துவுக்கு வீட்டிலும் காட்டிலும் மூக்குக்கு மேலே கோபம் வரும். இந்தப் பொருத்தத்தைச் சொல்லி ஊரே சிரிக்கும். பெண்டாட்டி வள்ளிமயிலும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் முடிந்த மறுநாள் காலையில், குத்தியவன் செத்தவன் வீட்டுக்குப் போய் வாசலில் நிற்க வேண்டும். அந்த வீட்டுப் பெண் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பாள். அதை வாங்கிக் குடித்தால்தான் மேடையில் மூண்ட பகை கீழே இறங்கும் என்பது நம்பிக்கை. வள்ளிமயில் கையால் இருபத்திரண்டு வருசம் தண்ணீர் வாங்கிக் குடித்தார் பாண்டிராஜ். பொன்மணி போன பிறகு, வருசத்தில் அவர் எதிர்பார்த்து விடிகிற காலை அது ஒன்றுதான். தண்ணீரோடு விடமாட்டாள் வள்ளிமயில். உட்காரவைத்து நாலு இட்லியும் போடுவாள்.

அதற்கு வந்தது வினை. நான்கு வருசத்துக்கு முன்னால், உளுந்து காய் பிடித்திருந்த நேரத்தில் சோலைமுத்துவின் ஆடுகள் பாண்டிராஜின் காட்டில் இறங்கிவிட்டன. பாண்டிராஜ் கும்பிடாத குறையாகத்தான் கேட்டார்.

"ஆட்டக் கொஞ்சம் பாத்துக்கிடக் கூடாதா சோலைமுத்து?"

தப்பு தன் பக்கம் என்றால் சோலைமுத்துவுக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். "ரெண்டு செடியத் தின்னதுக்கா இம்புட்டுப் பேச்சு? பொண்டாட்டியும் இல்ல, பிள்ளையும் பக்கத்துல இல்ல, ஒத்தக்கட்டைக்கு எதுக்கு வே இத்தன உளுந்து?"

வாழ்க்கையில் முதல்முறையாகப் பாண்டிராஜுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் பேச அவரிடம் சொந்தமாக ஒரு வார்த்தை கிடையாதே! பழகிய வார்த்தைதான் வாயில் வந்தது. மதிவாணனைக் குத்துவதற்கு முன்னால் வேங்கைராசன் போடுகிற சாபம், அதே குரலில், நடுக்காட்டில்.

"உன் வீட்டு விளக்கு அணைந்தே போகும்! இது வேங்கைராசன் வாக்கு!"

பன்னிரண்டாம் நாள், கயத்தாறு பக்கம் லாரி மோதி சோலைமுத்துவின் ஒரே மகன் மாரிசெல்வம் செத்துப்போனான்.

சோலைமுத்து யாரிடமும் புகார் சொல்லவில்லை. நாடகத்தை விட்டார், பாண்டிராஜைப் பார்ப்பதை விட்டார். பக்கத்துக் காட்டில் நின்றவர்கள் அந்தச் சாபத்தைக் கேட்டிருந்ததால் ஊரும் மெல்ல ஒதுங்கிக்கொண்டது. டீக்கடையில் பாண்டிராஜ் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். வேசத்தை மட்டும் அவரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. அவரும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேறு என்னதான் இருந்தது அவருக்கு?

மதிவாணனாக வேறு ஆள் வந்தான். அவன் வீட்டில் தண்ணீர் குடித்த கையோடு, ஒவ்வொரு வருசமும் சோலைமுத்து வீட்டு வாசலிலும் போய் நின்றார் பாண்டிராஜ். இரண்டு வருசம் கதவு திறக்கவில்லை. மூன்றாம் வருசம் திறந்தது.

வள்ளிமயில் செம்போடு வந்தாள். பாண்டிராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கினார்.

"குடிங்க அண்ணாச்சி. தாகமா வந்து நிக்கவங்களுக்கு இல்லேன்னு சொல்லல" என்றாள். "அவிய வீட்டுல இல்ல. நேத்துச் சாயங்காலமே கோவில்பட்டிக்குப் போயிட்டாவ. வருசா வருசம் நாடகத்தன்னைக்கு அங்கன ரயில் ஸ்டேசன்ல போயி உக்காந்திருந்துட்டு, காலை பஸ்சுலதான் வருதாவ."

"எதுக்கும்மா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கா? நம்ம வாசலுக்கு நேராத்தான அண்ணாச்சி குழாய் ஸ்பீக்கர் கட்டுதாங்க. அந்த வார்த்தைய மைக்குல சொல்லுதீங்கள்லா வருசா வருசம்? அத ரெண்டாந்தரம் கேக்க அவியளால முடியல. நான் காதப் பொத்திக்கிட்டு உள்ள கெடப்பேன்."

பாண்டிராஜ் தூக்கிய செம்பை இறக்கினார். காட்டில் சொன்னதற்காக அவர் மூன்று வருசமாக அழுதுகொண்டிருக்கிறார். மேடையில் சொல்வது வேங்கைராசன் சொல்வது என்றல்லவா இருந்தார்! அது இந்த வீட்டுக்குள் வந்து விழும் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? தன்னை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீரைக் குடிக்காமல் செம்பை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த மாசி மாதம் ஒத்திகை தொடங்கியபோது, நாடகம் சொல்லிக் கொடுக்கும் காளீஸ்வரனிடம் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"என்ன அண்ணாச்சி வெளையாடுதீயளா? அந்தச் சாபம் பலிக்கறதுதான கதை. அதக் கேக்கத்தான சனம் வருது!"

காளீஸ்வரன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாண்டிராஜ் மீசையையும் கத்தியையும் பையோடு அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்தார். முப்பது வருச வேசம் அத்தோடு சரி. வேங்கைராசனாக வேறு ஆளைப் பிடித்தார்கள். தெருவில் இனி அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓட ஒரு குழந்தையும் கிடையாது.

பங்குனிப் பொங்கல் அன்று சாயங்காலம், ஊர்ச் சனம் மேடைக்கு முன்னால் இடம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பாண்டிராஜ் கோவில்பட்டி பஸ்சில் ஏறினார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

ஸ்டேசனில், பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் சோலைமுத்து தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. பாண்டிராஜ் நாலடி தள்ளியே நின்றார். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று பஸ்சில் யோசித்து வைத்திருந்தார். தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சோலைமுத்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கு நாடகமில்லா?"

"நான் போடல."

திருநெல்வேலிப் பக்கம் போகும் ரயில் ஒன்று வந்து நின்றது, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. பிளாட்பாரம் காலியானது. பாண்டிராஜ் அங்கேயே நின்றார்.

சோலைமுத்து பெஞ்சில் இருந்த துணிப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.