துணைக்கு வந்த அண்ணி

முந்தாநாள் காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது அண்ணன் மகன் போன் செய்தான். "அத்தே, அம்மா பூட்டாங்க" என்றான். மாமல்லபுரத்துக் கரையோரக் குப்பங்களில் செல்வராணி டாக்டர் என்றால் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். அவர்களை அண்ணி என்று கூப்பிடும் பாக்கியம் எனக்கு மட்டுமே இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார்கள். என் அப்பா கடப்பாக்கம் பக்கமிருந்து மீன் வாங்கி ஐஸ் வைத்து மெட்ராசுக்கு அனுப்பும் வியாபாரி. அண்ணியும் மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்தான், பி.யூ.சி. முடித்திருந்தார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்கள்.

அந்த வருஷம் நானும் பி.யூ.சி. முடித்தேன். என்னை டாக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மதிப்பெண் போதவில்லை. நுழைவுத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் வெளியூர்க் கல்லூரி ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. அதற்காகத் தாம்பரத்தில் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் டியூஷன் வைத்தார்கள். வயசுப்பெண் தனியாக ரயிலில் போகக்கூடாது என்று அம்மா அண்ணியைத் துணைக்கு அனுப்பினார்கள்.

அண்ணி கடைசி வரிசையில், கையில் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் பேராசிரியர் சிறுநீரகத்தை விளக்கி முடித்ததும், பின்னாலிருந்து அண்ணி ஏதோ சந்தேகம் கேட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"நீயும் எழுதப் போறியாம்மா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல சார், தொணைக்கு வந்தேன்" என்றார்கள் அண்ணி, கூச்சத்தோடு.

திரும்பும் ரயிலில், "அந்த பொஸ்தகத்த கொஞ்சம் குடு கஸ்தூரி" என்று வாங்கியவர்கள், செங்கல்பட்டு வரும்வரை தலை நிமிரவில்லை.

முதல் முறை நான் மட்டும் எழுதினேன், தேறவில்லை. இரண்டாம் முறை அண்ணியும் விண்ணப்பித்தார்கள். அண்ணன் ஒத்துக்கொண்டார். "சும்மா எழுதட்டும், இவளுக்கும் பேச்சுத்தொணையா இருக்கும்" என்று அம்மாவும் விட்டுவிட்டார்கள்.

எனக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது. அம்மாவின் முகத்தை நினைத்துக்கொள்வேன், சபதம் போடுவேன். அது இரண்டு நாள் தாங்கும். "ஆசை வரட்டும்னு காத்துகினு இருக்காத. தொறந்து வச்சிகினு குந்து. மொதல்ல பேஜாராத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்துல அதுவே நம்மள இஸ்துகினு பூடும்" என்பார்கள் அண்ணி. அவர்களை இழுத்துக்கொண்டு போயிற்று. நான் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர்களுக்கும் சோர்வு வந்தது. பௌதிகத்தில் லென்ஸ் கணக்குகள் படாத பாடு படுத்தின. ஒரு நாள் புத்தகத்தை மூடி என் மடியில் போட்டுவிட்டு, "எனக்கு இது வராது" என்று எழுந்து போய்விட்டார்கள். மாசி மகத்துக்குத் தாய்வீடு போனவர்கள் சொன்ன நாளுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்கள்.

"இன்னா அண்ணி, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"கடல பாத்துகினு சும்மாதான் குந்தியிருந்தேன். அந்தக் கணக்கு எங்க தப்பாச்சின்னு திடீர்னு தோணிச்சி. அப்புறம் அங்க இருப்பு கொள்ளல."

காலில் மணலோடு உட்கார்ந்து கணக்கைப் போட்டார்கள். மறுபடியும் தப்பாகவே வந்தது. சிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வராது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

முடிவு வந்தது. அண்ணிக்கு இடம் கிடைத்தது. எனக்கு இல்லை.

"பொண்ணு வூட்ல குந்திகினு கீது, மருமவ டாக்டருக்குப் படிக்கப் போறாளா? ஊரு சிரிக்கும்" என்றார்கள் அம்மா. கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அண்ணி, நான் பக்கத்தில் போனதும், "நான் போவல. நீ இன்னொரு தபா எழுது, நான் கூட இருக்கேன்" என்றார்கள்.

நான் குனிந்து வாளியிலிருந்த துணியைப் பிழிய ஆரம்பித்தேன். அவர்கள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்கள்.

"நெசத்த சொல்லு கஸ்தூரி. இது ஒனக்குப் புடிச்சிருக்கா?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"இல்ல அண்ணி."

"அப்ப வுட்ரு. புடிக்காதத வுடறது தோத்துப்போறது இல்ல. அத்தைகிட்ட நான் சொல்றேன்."

அவர்கள் சொல்வதற்கு முன் நானே கூடத்துக்குப் போனேன். "எனக்குப் படிக்க வேணாம்பா. அண்ணிய அனுப்புங்க. அவங்க போவலன்னா நான் இந்த வூட்ல சோறு துன்ன மாட்டேன்" என்றேன். அப்பா அண்ணனைப் பார்த்து, "யாருக்குக் கெடச்சா இன்னா, நம்ம வூட்டுக்குத்தான கெடச்சிது. இட்டுகினு போய்ச் சேத்துட்டு வா" என்றார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தக் கோபம் ஆற வருஷங்கள் ஆயின. கடைசியில் அம்மா படுக்கையில் விழுந்தபோது, அண்ணி கொடுத்தால்தான் மருந்து சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தார்கள்.

படிப்பு முடிந்ததும் அண்ணி மாமல்லபுரம் பக்கமே திரும்பி வந்து வைத்தியம் பார்த்தார்கள். நான் அப்பாவின் வியாபாரத்தில் இறங்கினேன். விடியலில் மீன் ஏலத்துக்கு நிற்பதற்கு என்னை யாரும் எழுப்ப வேண்டியிருந்ததில்லை. எது ஒருவரை இழுத்துக்கொண்டு போகும் என்பது அவரவருக்குத்தான் தெரியும். அதை என்னை நானே கேட்டுக்கொள்ளும்படி செய்தவர்கள் அண்ணி.

நேற்று அடக்கத்துக்குக் குப்பத்துப் பெண்கள் வந்து நிறைந்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் டாக்டரம்மாவா?"

"இல்லம்மா" என்றேன். "நான் அவங்க நாத்தனார்."

அவள் கையை விடவில்லை. பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லி நான் முன்னால் போக வழிவிடச் செய்தாள். நான் போய் அவர்கள் காலைத் தொட்டேன்.

போய் வாருங்கள், அண்ணி.